வாட்டம்

எங்கள் வீட்டின் முன்வெளி 10 அடிக்கு 30 அடி. அந்தச் சிறிய இடத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு தோட்டங்கள் போட்டோம். முதல் தோட்டத்துக்கு வரைபடம் இருந்தது, கணினியில் சுழற்றிப் பார்க்கும் முப்பரிமாணப் படமும் இருந்தது. இரண்டாவதற்கு என் மகளின் பழைய நோட்டில் நான்கு பக்கங்களும், தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் குழாயும், என் அம்மாவும் இருந்தார்கள். இன்று இருப்பது இரண்டாவதுதான்.

பெங்களூரில் வீட்டுமனையை யாரும் மனை என்பதில்லை. தமிழர்கள் உட்பட எல்லோருக்கும் அது சைட். எங்களுடையது முப்பதுக்கு நாற்பது, பாணஸ்வாடிப் பக்கம், வடக்குப் பார்த்தது. பக்கங்களில் மும்மூன்று அடி விட்டு, வங்கிக் கடன் இடம் கொடுத்த உயரத்துக்கு மாடி எழுப்பி, 2022 ஏப்ரலில் புதுமனை புகுந்தோம். முன்னால் மிஞ்சிய 300 சதுர அடியில் மேற்கே 9 அடி கார் வருவதற்கு, நடுவே 4 அடி வாசல் நடை. கிழக்கே மிச்சமிருந்த 17 அடிக்கு 10 அடியைத்தான் நாங்கள் தோட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். அதிலும் ஈசானிய மூலையில் பூமிக்கு அடியில் சம்ப், அதாவது தண்ணீர்த் தொட்டி, இருக்கிறது. வாஸ்துவுக்காகக் கட்டியது. வாஸ்துவைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு, அது இங்கே வேண்டாம். ஆனால் அந்த மூலையில் மரம் வைக்க முடியாது என்பது மட்டும் வாஸ்து பார்க்காதவருக்கும் பொருந்தும். வேர் முதலில் தேடிப் போவது சம்பின் சுவரைத்தான்.

வடிவமைக்க வந்த இளைஞர் நல்லவர், சுறுசுறுப்பானவர். மே மாதம் ஒரு காலை நேரத்தில் வந்தார். முன்வெளி முழுக்க வெயில் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது. "மேடம், முழு வெயில் இடம். புல்தரை பிரமாதமாக வரும்" என்றார். ஒரு வாரத்தில் படம் வந்தது. பச்சைப் புல், ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கல், சுவரோரம் ஒரே உயரத்தில் ஆறு பனைச் செடிகள். படத்தில் மாலை வெயில் சாய்வாக விழுந்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் எந்த வீட்டையும் யாருக்கும் பிடிக்கும். என் கணவர் அப்போதே மயங்கிவிட்டார். நானும்தான்.

அம்மா படத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். அவர் வாணியம்பாடிப் பக்கத்தில் தென்னந்தோப்பு வீட்டில் வளர்ந்தவர். "இந்தப் புல்லை யார் தின்பது? மாடு ஏதும் வாங்கப் போகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மெக்சிகன் புல் சுருள் சுருளாக வந்து இறங்கியது. பாய் விரிப்பதுபோல விரித்தார்கள். மூன்று மாதம் அழகாகவே இருந்தது, இதை மறைக்கப் போவதில்லை. மாலையில் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நிற்பேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் பெங்களூரில் கொட்டிய மழை பலருக்கு நினைவிருக்கும். வெளிவட்டச் சாலையோரம் டிராக்டரில் அலுவலகம் போனார்கள். எங்கள் பகுதியில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுப்பினார். சமையலறைச் சுவரின் கீழ்ப்பகுதி ஈரமாக இருந்தது, தரையில் மெல்லிய தகடாகத் தண்ணீர். வெளியே கிழக்குச் சந்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், மூன்று அடி அகலச் சந்து வாய்க்காலாகியிருந்தது. முன்வெளியில் விழுந்த மழையெல்லாம் தெருவுக்குப் போகாமல் சந்துக்குள் இறங்கி, அக்னி மூலையில் சமையலறைச் சுவரில் முட்டி நின்றது.

ஒப்பந்தக்காரரை அழைத்தால், மழை அதிகம் என்றார். அதுவும் பொய்யில்லை. மறுபடி அழைத்தால் எடுக்கவில்லை.

கடைசியில் தருமபுரிக்காரரான ஒரு மேஸ்திரி வந்தார். பையிலிருந்து ஒளி ஊடுருவும் நீண்ட குழாயை எடுத்து, தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வாசல் கேட்டருகே தன் உதவியாளரிடம் கொடுத்து, மறு முனையைச் சமையலறைச் சுவரில் வைத்தார். இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதுதான் அந்தக் குழாயின் சூட்சுமம். இரு இடத்திலும் அந்த மட்டத்திலிருந்து தரை எவ்வளவு கீழே என்று அளந்தார். கேட்டருகேதான் தரை மேடு. சமையலறைப் பக்கம் இரண்டரை அங்குலம் பள்ளம். "அக்கா, வாட்டம் தலைகீழாக இருக்கிறது" என்றார்.

வாட்டம். தளம் போடுகிறவர்கள் தண்ணீர் ஓடுவதற்காகக் கொடுக்கும் சரிவுக்கு அதுதான் பெயர். குளியலறையில் கொடுப்பார்கள், மொட்டைமாடியில் கொடுப்பார்கள். நூறடிக்கு ஓரடி என்ற கணக்கு வீட்டைச் சுற்றிய தரைக்குப் போதும். பத்தடி முன்வெளிக்கு ஒன்றேகால் அங்குலம், 26 அடிச் சந்துக்கு மூன்று அங்குலம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். எங்கள் முப்பரிமாணப் படத்தில் தரை கண்ணாடிபோல் சமமாக இருந்தது. மேலே எட்டு அங்குலம் மண் கொட்டிப் புல் விரித்தபோது இருந்த கொஞ்சநஞ்ச வாட்டமும் திரும்பிக்கொண்டது.

அம்மாவுக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. டிசம்பரில் புல் மஞ்சளாகத் தொடங்கியபோது, "இப்போது இதற்கும் வாட்டம் வந்துவிட்டது" என்றார்.

புல் ஏன் வாடியது என்று நாங்கள் எதையெதையோ நினைத்தோம். உரம் போட்டோம், பூஞ்சை மருந்து அடித்தோம். காரணம் தலைக்கு மேலே இருந்தது. பெங்களூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24, 25 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகள் குச்சி நட்டுப் பார்ப்பது அன்றுதான். அதன் பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி உச்சிக்கு வரும்வரை சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த மாதங்களில் வடக்குப் பார்த்த வீட்டின் முகத்தில் காலை முதல் மாலை வரை வெயில். வடிவமைப்பாளர் மே மாதம் கண்டது அதைத்தான். டிசம்பரிலோ சூரியன் உச்சியிலிருந்து 36 பாகைக்கு மேல் தெற்கே சாய்ந்து நிற்கிறது. எங்கள் வீட்டின் உயரம் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 24 அடி. நண்பகலில் அதன் நிழல் வடக்கே கிட்டத்தட்ட 18 அடி விழும். முன்வெளி 10 அடி. அதாவது தோட்டம் முழுவதையும் மூடிவிட்டு, தெருவிலும் 8 அடி நிழல். புல் என்ன செய்யும்?

இந்தக் கணக்கைப் பின்னால் உட்கார்ந்து போட்டவள் நான். கணக்கில்லாமல் கண்டுபிடித்தவர் அம்மா. 2023 தை முதல் தேதி நண்பகலில் அவர் வெளியே போய், வீட்டின் நிழல் விழுந்த விளிம்பில் கோலமாவால் ஒரு கோடு இழுக்கப் பார்த்தார். விளிம்பு தெருவில் இருந்ததால் அங்கேயே இழுத்தார். பால்காரர் என்னவென்று விசாரித்தாராம். மாசி, பங்குனி, சித்திரை என்று ஒவ்வொரு மாதப் பிறப்பிலும் இழுத்தார். நான் நாடா வைத்து அளந்து மகளின் நோட்டில் குறித்தேன். கோடு வீட்டை நோக்கி நகர்ந்து வந்தது. பிப்ரவரி கடைசியில் மதில் சுவரோரத்துக்கு நேர்வெயில் வந்தது, பங்குனியில் பாதி வெளிக்கு வந்தது, சித்திரையில் வாசற்படி வரை. பிறகு அதே வழியில் திரும்பி, அக்டோபர் நடுவில் மதிலோரத்தை விட்டு வெளியேறியது.

வீட்டுத் தோட்டம் போட நினைக்கிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் (ஒருவரும் கேட்பதில்லை) ஓர் ஆண்டு எதையும் நடாதீர்கள் என்பேன். வெறும் மண்ணை வைத்துக்கொண்டு வெயிலையும் மழையையும் குறித்துக்கொண்டு இருங்கள். சுவரில் ஆணி அடிக்க வாடகை வீட்டில் எத்தனை யோசித்தோம்! சொந்த வீட்டில் மண்ணைக் கிளறுவதற்கு முன் ஒரு முறைகூட யோசிப்பதில்லை.

அந்த 2023இல் பருவமழை பொய்த்தது. 2024 மார்ச்சில் நகரமே குடத்தோடு நின்றது. குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றக் கூடாது, கார் கழுவக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. எங்கள் புல்தரை 170 சதுர அடி, கோடையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 80 லிட்டர் குடிக்கும். இந்த ஊருக்குக் காவிரி கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அரை கிலோமீட்டர் உயரம் இறைத்து ஏற்றப்பட்டு வருகிறது. அதைப் புல்லில் ஊற்றுவதற்கு அபராதம் இல்லாவிட்டாலும் வெட்கம் இருந்திருக்க வேண்டும், எங்களுக்கு அது தாமதமாகத்தான் வந்தது. பத்து நாளில் புல் வைக்கோலானது. என் கணவர் இரண்டு நாள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

ஏப்ரலில் அதே மேஸ்திரியை அழைத்தோம். இந்த முறை படம் கிடையாது. தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தோம், செடியைப் பற்றிப் பேச அம்மாவுக்கே அனுமதியில்லை.

பெங்களூரில் 2009இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, எங்கள் அளவு சைட்டில் கட்டும் புது வீட்டுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் வீட்டிலும் இருந்தது. மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்கி, ஒரு நீல டிரம்மில் முடிந்தது. டிரம் நிறைந்தால் மிச்சம் தரையில் வழியும். மொட்டைமாடி சுமார் 700 சதுர அடி, அதாவது 65 சதுர மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 650 லிட்டர். டிரம் 200 லிட்டர். இதை வடிவமைத்தவர் மழையைத் தூறலாக மட்டுமே பார்த்தவராக இருக்க வேண்டும்.

இப்போது மாடித் தண்ணீர் ஒரு சல்லடைத் தொட்டி வழியாகச் சம்புக்குப் போகிறது. பருவத்தின் முதல் இரண்டு மழையை மட்டும் வால்வைத் திறந்து வெளியே விட்டுவிடுவோம். தூசு, புறா எச்சம் எல்லாம் அதில் போய்விடும். சம்ப் நிறைந்தபின் வழிகிற நீர் கிணற்றுக்கு. கிணறு என்றால் இறைக்கிற கிணறு இல்லை, மண்ணுக்குள் தண்ணீரை அனுப்புகிற கிணறு. மூன்றடி விட்டம், 15 அடி ஆழம், சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியது. தோண்ட வந்தவர்கள் மண்ணு வட்டர் என்ற சமூகத்தினர், இந்த ஊரில் தலைமுறைகளாகக் கிணறு வெட்டுகிறவர்கள். குந்தாலியும் கூடையும் கயிறும் மட்டும் கொண்டுவந்து மூன்று நாளில் முடித்துவிட்டார்கள். உறை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், கீழடியில் எடுத்த உறைகிணறு இதேபோல் இருந்ததாகப் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அங்கே சுடுமண், இங்கே சிமெண்ட்.

கிணற்றை எங்கே வைப்பது என்பதில் ஒரு வாரம் சண்டை நடந்தது. தோட்டத்தில் வைத்தால் பாதி இடம் போய்விடும். மேஸ்திரிதான் கார் வரும் இடத்தைக் காட்டினார். கார் ஓடுவது சக்கரத்தின் மேல்தானே, நடுவில் எதற்குத் தளம்? இரண்டு அடி அகலத்தில் இரண்டு பட்டைகள் மட்டும் சதரஹள்ளிக் கல்லால் போட்டார். 90 சதுர அடியில் 40 கல், 50 மண். இரு பட்டைகளுக்கும் நடுவே கம்பி மூடியோடு கிணறு. பழைய இன்டர்லாக் கற்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனவர், இதற்காகப் போன முறை நாங்கள் கொடுத்த தொகையைக் கேட்டுவிட்டு மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்.

மண்ணைத் தோண்டியபோது கிடைத்தவை: செங்கல் துண்டுகள், இறுகிய சிமெண்ட் மூட்டை ஒன்று, டைல்ஸ் சில்லுகள், ஒரு எவர்சில்வர் கரண்டி. வீடு கட்டிய கழிவின் மேல்தான் புல் விரித்திருந்தார்கள். ஓரடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், மறுநாள் காலையிலும் பாதி நின்றது. ஒன்றரை அடிக்கு எடுத்துப் போட்டுவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் கொஞ்சம் மணலும் கலந்து நிரப்பினோம். மறுபடி குழி, மறுபடி தண்ணீர். ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டது. அன்றுதான் அம்மா செடிப் பேச்சை எடுக்கலாம் என்று அனுமதி கிடைத்தது.

செடி வாங்கச் சித்தாபுரம் போனோம். லால்பாக் பக்கத்தில் வரிசையாக நர்சரிகள் இருக்கும் இடம். பெங்களூரின் தோட்டக் கலையில் திகளர் சமூகத்தினரின் கை பெரிது. கன்னடத்தில் திகளர் என்ற சொல்லே தமிழரைக் குறிப்பது. கரகத் திருவிழாவும் அவர்களுடையதுதான். நாங்கள் போன கடையின் பெரியவர் கன்னடமும் தமிழும் கலந்து, நான் வேறெங்கும் கேட்டிராத ஒரு மொழியில் அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசினார். பேச்செல்லாம் இனிமை, ஆனால் விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

போன கையோடு லால்பாக்குக்குள்ளும் நடந்தோம். ஹைதர் அலி 1760இல் தொடங்கிய தோட்டம், இப்போது 240 ஏக்கர். எல்லோரும் கண்ணாடி மாளிகையைப் பார்ப்பார்கள். எனக்கு அங்கே நினைவுக்கு வருகிறவர் 1908இல் மைசூர் அரசின் பணிக்கு வந்த ஜெர்மானியர் குஸ்தாவ் கிரும்பீகல். ஆண்டு முழுக்க ஏதேனும் ஒரு மரம் பூத்துக்கொண்டிருக்கும்படி நகரச் சாலைகளில் மரங்களைத் தேர்ந்து வைக்கும் முறை அவருடையது. குளிர்காலத்தில் டபெபூயா, பிறகு ஜகரண்டா, கோடையில் குல்மொஹர். நகரத்துக்கு அவர் செய்ததை 170 சதுர அடிக்குச் செய்ய முடியாதா என்று நான் கேட்டேன். அம்மாவுக்கு அவரைத் தெரியாது, ஆனால் பதில் தயாராக இருந்தது.

மதிலோரம் மல்லி. பிப்ரவரி கடைசியில் அங்கே வெயில் வருகிறது, மல்லி பூப்பதும் பங்குனி முதல் ஆனி வரைதான். தையில் வெயில் இல்லாவிட்டால் என்ன, தையில் மல்லி எங்கே பூக்கிறது? மார்கழியில் கவாத்து செய்துவிட்டால் அது பாட்டுக்குத் தூங்கும். நடைபாதை ஓரம் பவழமல்லி. சம்பிலிருந்து தள்ளி, சுவரிலிருந்தும் ஐந்தடி தள்ளி. ஆவணியிலிருந்து விடியற்காலையில் உதிரும். அந்த இடத்தில் நிழல் விழத் தொடங்கும் நாட்களுக்கு டிசம்பர் பூ. நீலமும் வெள்ளையுமாக, கொஞ்சம் குறைவாகத்தான் பூக்கிறது, ஆனால் பெயருக்கேற்றபடி வந்துவிடுகிறது. வீட்டுச் சுவரையொட்டி நந்தியாவட்டை. சம்பின் மேல் தொட்டிகள் மட்டும். துளசியும் கறிவேப்பிலையும் தெற்கு வெயில் வேண்டுமென்று மொட்டைமாடிக்குப் போய்விட்டன. பின்புறம் துணி துவைக்கும் கல்லருகே கல்வாழை, அதற்கு எந்தத் தண்ணீரும் சம்மதம்.

நடுவே நிற்க, உட்கார, கடப்பா கல்லில் ஒரு திண்ணை. முதல் படத்தில் உட்கார இடமே இல்லாததை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை. தோட்டம் பார்க்கிற பொருளாக இருந்தது. இப்போது கீரை ஆய்வதும் தொலைபேசியில் சண்டை போடுவதும் அங்கேதான்.

மே கடைசியில் வேலை முடிந்தது. ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை, மாலையில் வானம் கறுத்தது. நகர வானிலை நிலையத்தில் அன்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் பதிவானது. ஜூன் மாதத்தின் ஒரு நாள் மழையில் 130 ஆண்டுகளுக்கு மேல் நின்றிருந்த பதிவு அன்று உடைந்தது. ஊரெங்கும் மரங்கள் சாய்ந்தன. நான் பழைய துணிகளை எல்லாம் சமையலறையில் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என் கணவர் குடையோடு சந்தில் நின்றார். தண்ணீர் அவர் காலைத் தாண்டிக் கேட்டை நோக்கி ஓடியது. ஒரு மணி நேரத்தில் சம்ப் நிறைந்து கிணற்றில் விழும் ஓசை கேட்டது. அம்மா கம்பி மூடியின் அருகே குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டார். நனைந்துவிட்டார், இரண்டு நாள் சளி.

முருங்கை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிளை முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும், பக்கத்து வீட்டுக் கார் மேல் விழுந்தால் யார் பதில் சொல்வது? அம்மா ஒன்றும் பேசவில்லை. பழைய நீல டிரம்மை மேஸ்திரி எடுத்துப் போயிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் துணி காயப்போட மாடிக்குப் போனபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அது நிற்கிறது. பாதியாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, செம்மண் நிரப்பியிருக்கிறார்கள். நடுவில் கை தடிமனில் ஒரு முருங்கைப் போத்து, நான்கு இடத்தில் துளிர் விட்டிருக்கிறது. யார் நட்டது என்று கேட்டேன். என் கணவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். வேரில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க டிரம்மைச் சாய்த்தேன். அடியில் இரண்டு செங்கல் வைத்து, வாட்டம் சரியாகக் கொடுத்திருந்தார்கள்.